வேம்பு சூட்டிய வேல்

நெடுநல்வாடையில் யாருக்கும் பெயர் கிடையாது. மழைக்கு ஒதுங்கி வேறு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிப்போகும் இடையர்கள், மேய்ச்சலை மறந்த விலங்குகள், நடுங்கும் மந்திகள், நூல் பிடித்து அளந்து கட்டிய அரண்மனை, நாற்பது வயதில் போரில் விழுந்த யானையின் தந்தத்தால் செய்த கட்டில் என்று 188 அடிகளில் நக்கீரர் எதையும் விட்டுவைக்கவில்லை. கட்டிலில் கிடக்கும் பெண்ணை விரிவாகச் சொல்கிறார். பாசறையில் நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் போய்ப் பார்க்கும் ஆணையும் சொல்கிறார். அவள் யார், அவன் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

பிரிந்திருக்கும் கணவன், வாடும் மனைவி, சுட்டப்படாத பெயர்கள். இலக்கணப்படி இது அகப்பாட்டாக இருந்திருக்க வேண்டும். அன்பின் ஐந்திணையில் யாரையும் பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. நக்கீரர் அந்த விதியை மீறவில்லை. ஆனால் 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைப் புறம் என்று தீர்த்துவிட்டார். பாசறையில் அரசனுக்கு முன்னே நடந்து வீரர்களைக் காட்டிக்கொண்டு போகிறவனின் கையில் இருக்கும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆத்தி என்றால் சோழன், பனை என்றால் சேரன், வேம்பு என்றால் பாண்டியன். பாண்டியன் என்று தெரிந்துவிட்டால், மரபு அவனைத் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்றே அடையாளம் கண்டுவிடுகிறது. பெயரைச் சொல்லாமலே பெயர் வெளிப்பட்டுவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது என்பது அவர் வாதம். பின்வந்தவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. ஒரு வேப்பந்தாருக்காகக் கவிதை முழுவதையும் அகத்திலிருந்து வெளியேற்றுவதா என்ற அவர்களது கேள்வி நியாயமானதுதான்.

கவிதை பற்றிய வாதமாக நச்சினார்க்கினியர் சொன்னது சரியா என்பதைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன். தகவல் பாதுகாப்பைப் பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு அவர் முறை முற்றிலும் சரி. பெயரை நீக்கிவிட்டால் ஆளை மறைத்ததாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். இணையத்தில் நம் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லும் ஏறத்தாழ எல்லா வாசகங்களும் இந்த நம்பிக்கையின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வாசகங்களை ஓர் இலக்கிய வகைமையாக எடுத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் நோக்கம். நாம் தினமும் கடந்துபோகும் உரைநடை அது. அதற்கு விமர்சகர் மட்டும் இல்லை.

முதலில் வேம்பின் கதையை முடித்துவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில் லதன்யா ஸ்வீனி என்ற அமெரிக்க ஆய்வாளர், 1990இன் மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்றார். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவுவதாக நினைத்து, ஆறரை லட்சம் பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய சுமார் இரண்டு கோடித் தேடல்களைப் பொதுவில் வைத்தது. பெயர்கள் நீக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டிருந்தது. சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தேடிய ஊர்ப் பெயர், உறவினர் பெயர், உடல் உபாதைகள், நாய் வளர்ப்பு எல்லாம் சேர்ந்து அவரை எழுதிக் காட்டிவிட்டன.

நமக்கு இது புதிதல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? அவர் சொன்ன சொல்லையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒருவர் சொன்னதே அவரைச் சுட்டப் போதுமானது என்பது தொகுப்பாசிரியர்களுக்கும் தெரிந்திருந்தது, விளம்பர நிறுவனங்களுக்கும் தெரிந்திருக்கிறது. முன்னவர்கள் அதை அன்போடு செய்தார்கள், அதுதான் வேறுபாடு.

இனி வாசகங்களுக்கு வருவோம். உலாவிகளில் வரலாற்றைச் சேமிக்காத ஒரு சாளரத்தை 2005இல் ஆப்பிளின் சஃபாரி கொண்டுவந்தது. 2008இல் கூகிளின் குரோம் அதையே ‘இன்காக்னிட்டோ’ என்ற பெயரில், தொப்பியும் கண்ணாடியும் அணிந்த ஓர் உருவத்தோடு தந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘அறியப்படாதவர்’. மாறுவேடத்தில் நகர்வலம் போகும் அரசனை நினைவுபடுத்தும் சொல். தமிழில் அதை ‘மறைநிலை’ என்று பெயர்த்தார்கள். அழகான சொல்தான், ஆனால் மூலத்தைவிட அதிகமாக வாக்களிக்கிறது. அறியப்படாதவர் கண்ணுக்குத் தெரிவார், அடையாளம்தான் தெரியாது. மறைந்தவரோ கண்ணுக்கே தெரியமாட்டார். ஃபயர்ஃபாக்ஸைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் ‘கமுக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. கமுக்கமாக ஒரு காரியம் செய்கிறவனைப் பற்றி நம் ஊரில் எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. அவன் கமுக்கம் எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பு இந்தச் சாளரத்துக்குப் பொருத்தமானது.

குரோமின் மறைநிலைப் பக்கத்தில் இருக்கும் சிறு உரைக்கு இரண்டு பாடங்கள் உண்டு, பழையதும் புதியதும். பழைய பாடத்தின் சாரம் இது: இப்போது நீங்கள் அந்தரங்கமாக உலாவலாம், இந்தக் கருவியைப் பயன்படுத்தும் பிறர் நீங்கள் செய்ததைப் பார்க்கமாட்டார்கள். கீழே ஒரு பட்டியல், இவர்களுக்கு மட்டும் தெரியக்கூடும் என்று: நீங்கள் போகும் தளங்கள், உங்கள் நிறுவனம் அல்லது பள்ளி, இணைய இணைப்பு தருபவர். 2020 ஜூனில் அமெரிக்காவில் இந்தச் சாளரத்தின் பேரில் கூகிள்மீது ஒரு கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. 2023 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. சேகரித்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட விவரம் 2024 ஏப்ரலில் வெளியாயிற்று. இடையில், 2024இன் தொடக்கத்தில், உரை மாறியது. புதிய பாடத்தில் முதல் வாக்கியம் பின்னுக்குப் போய், பிறர் பார்க்கமாட்டார்கள் என்பது முன்னுக்கு வந்தது. ‘அந்தரங்கமாக’ என்பது ‘இன்னும் அந்தரங்கமாக’ ஆயிற்று. கூடவே ஒரு புதிய வாக்கியம்: நீங்கள் போகும் தளங்களும் அவை பயன்படுத்தும் சேவைகளும் தகவல் சேகரிக்கும் முறையை இது மாற்றாது, கூகிள் உட்பட.

பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் நிறைய இருக்கிறது. ‘இன்னும்’ என்ற ஒப்பீட்டுச் சொல்லுக்கு எதோடு ஒப்பீடு என்று சொல்லப்படவில்லை. ஒன்றுமே இல்லாததோடு ஒப்பிட்டாலும் ‘இன்னும்’ உண்மையாகத்தான் இருக்கும். ‘கூகிள் உட்பட’ என்பது அதைவிட முக்கியம். பழைய பட்டியலில் முதலாளி இருந்தார், பள்ளிக்கூடம் இருந்தது, இணைப்புக்காரர் இருந்தார். பட்டியலை எழுதியவர் மட்டும் இல்லை. ‘நீங்கள் போகும் தளங்கள்’ என்பதில் அவரும் அடக்கம் என்று வாதாடலாம், வாதாடவும் செய்தார்கள். ஆனால் அவர் ஒரு தளமாக மட்டும் இல்லையே. செய்தித்தாளின் பக்கத்தில் விளம்பரமாக, மருத்துவமனையின் பக்கத்தில் வருகைக் கணக்காக, கோயில் தளத்தில் வரைபடமாக, அழைக்கப்படாமலே எங்கும் இருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதும் கட்டுரையிலும் சேர்த்திருக்கக்கூடிய இரண்டு சொற்களைச் சேர்ப்பதற்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது.

இந்தச் சாளரம் யாரிடமிருந்து மறைக்கிறது என்பதை அகமரபு இன்னும் தெளிவாகச் சொல்லும். களவொழுக்கத்தில் தலைவி இரண்டு பேருக்கு அஞ்சுகிறாள். ஒன்று வீட்டில் இருக்கும் செவிலியும் நற்றாயும். இன்னொன்று அலர் தூற்றும் ஊர். மறைநிலை முதலாவதுக்கு உதவும். ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு பதின்வயதுப் பெண், தன் உடலைப் பற்றியோ தன் காதலைப் பற்றியோ எதையாவது தேடிப் படிக்க இது பயன்படுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் நற்றாயின் கண் எவ்வளவு கூரியது என்பது இந்த இதழை வாசிக்கும் இரண்டாம் தலைமுறைக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு இது மறைக்காது. ஊர் என்பது இப்போது விளம்பர ஏலச் சந்தை.

அந்தச் சந்தையின் தாயத்து குக்கீ. நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுல்லி 1994இல் அதை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், இணையதளத்துக்கு நீங்கள் யாரென்று மறந்துவிடும். மறக்காமல் இருக்க ஒரு டோக்கன் கொடுத்தார்கள், செருப்புக் காப்பகத்தில் தருவதைப் போல. பின்னால் என்ன நடந்ததென்றால், நூறு கோயில்களின் செருப்புக் காப்பகத்தையும் ஒரே குத்தகைக்காரர் எடுத்துவிட்டார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவர் தந்த அதே டோக்கன். நீங்கள் எந்தச் சாமியிடம் எத்தனை நேரம் நின்றீர்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். சஃபாரி 2020 மார்ச்சில் இந்த மூன்றாம் தரப்பு டோக்கன்களை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பெட்டி வைத்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் ஒழித்துவிடுவோம் என்று 2020இல் அறிவித்த கூகிள், பலமுறை தள்ளிப்போட்டு 2024இல் அந்த எண்ணத்தையே கைவிட்டது. தன் வருமானத்தைத் தானே தடுக்கும் உலாவியை எந்த நிறுவனம் செய்யும்?

ஐரோப்பாவில் வாழ்கிறவர்கள் தினமும் சந்திக்கும் ஒப்புதல் பலகை இந்தக் கதையின் கிளை. 2009இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய விதி, குக்கீ வைக்குமுன் சம்மதம் கேட்கச் சொன்னது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அந்தச் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. அதன் விளைவாகப் பிறந்த உரைநடைக்கு ஒரு மாறாத தொடக்கம் உண்டு: உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம். தமிழில் இந்த வினைக்கு இருக்கும் இரட்டைப் பொருள் நமக்கு வசதி. மதிப்பது மரியாதையும் ஆகலாம், விலை போடுவதும் ஆகலாம். அதற்கு அடுத்து நூற்றுக்கணக்கான ‘கூட்டாளிகள்’. பிறகு பெரிய நிறமிட்ட ‘ஏற்கிறேன்’ பொத்தான், சாம்பல் நிறத்தில் ‘அமைப்புகள்’. மறுக்க வேண்டுமானால் மூன்று படி இறங்க வேண்டும்.

இப்படிப் பலகை வைக்கும் வேலையின் ஓரத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் கூட்டத்தில் பலகையின் வாசகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். திரையில் இருந்த ஒரே எண், எத்தனை சதவீதம் பேர் ஏற்றார்கள் என்பது. எத்தனை பேர் வாசித்தார்கள் என்று அளக்கும் வழி அங்கே யாரிடமும் இல்லை, யாரும் கேட்கவுமில்லை. வாசிக்கப்படாமல் இருப்பதே வெற்றி என்று கருதும் வேறு எந்த எழுத்துவகையும் எனக்குத் தெரியாது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: சட்டம் கொஞ்சம் கடித்தபோது வடிவம் மாறியது. ஏற்பதைப் போல மறுப்பது எளிதாக இல்லை என்பதற்காகப் பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. சில மாதங்களில் ‘அனைத்தையும் நிராகரி’ என்ற பொத்தான் கூகிளின் பலகையில் முளைத்தது. இலக்கிய விமர்சனத்துக்கு இத்தகைய பலன் எப்போதும் கிடைத்ததில்லை.

இந்தப் பலகைகளின் தமிழ் விரைவில் பெருகப்போகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆக, ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் தமிழில் வரும். அவற்றை யார் எழுதுவார்கள், எந்தத் தமிழில் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. ஒரு சிறு சிக்கலைப் பாருங்கள். ஆங்கிலப் பொத்தானில் இருக்கும் ஒற்றை வினைச்சொல் யார் பேசுவது என்பதை மறைத்துவிடுகிறது. நிறுவனம் எனக்கு இடும் கட்டளையா, நான் நிறுவனத்துக்குச் சொல்லும் பதிலா என்று தெரியாது. தமிழில் அப்படி நழுவ முடியாது. ‘ஏற்கவும்’ என்றால் அது நிறுவனத்தின் குரல். ‘ஏற்கிறேன்’ என்றால் என் குரல். ‘ஏற்றுக்கொள்’ என்றால் யாரோ என்னை ஒருமையில் விரட்டுகிறார்கள். ஒவ்வொரு அகப்பாட்டுக்கும் மேலே தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பெழுதிய மரபு நம்முடையது. இந்தப் பொத்தான் யார் கூற்று? இன்று நான் பார்க்கும் தமிழாக்கங்களில் மூன்று வடிவங்களும் கலந்து கிடக்கின்றன, சில நேரம் ஒரே பலகையில். சம்மதம் என்பது என் வாயிலிருந்து வரவேண்டும் என்றால் அது தன்மையில்தான் இருக்க முடியும். மொழிபெயர்ப்பாளர் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் டோக்கன் பற்றியது. டோக்கனை வாங்க மறுக்கலாம், வாங்கியதை எறியலாம். வேம்பை எறிய முடியாது. இனி அதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே பார்த்த இரண்டு உரைகளும் அதைச் சொல்வதில்லை.

உங்கள் உலாவி ஒரு தளத்துக்குப் போகும்போது, பக்கத்தைச் சரியாகக் காட்டுவதற்கென்று சில விவரங்களைத் தானாகவே தருகிறது. எந்த உலாவி, எந்தப் பதிப்பு, திரையின் அளவு, நேர வலயம், எந்த எந்த மொழிகளில் பக்கம் வேண்டும் என்ற வரிசை. இன்னும் சிலவற்றைத் தளம் கேட்டறியலாம்: எந்த எழுத்துருக்கள் நிறுவப்பட்டுள்ளன, ஒரு படத்தை வரையச் சொன்னால் உங்கள் கருவி அதை எப்படி வரைகிறது. தனித்தனியாக இவற்றில் ஒன்றும் இல்லை. சேர்ந்தால் விரல்ரேகை. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் 4,70,161 உலாவிகளை இப்படிச் சோதித்தார். அவற்றில் 83.6 சதவீதம் மற்ற எதோடும் ஒத்துப்போகவில்லை. 2018இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விரல்ரேகைகளைச் சேர்த்தபோது தனித்துத் தெரிந்தவை 33.6 சதவீதம்தான். நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று இதைக் காட்டி ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. அந்த இரண்டாவது ஆய்வு எங்கே எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிரான்சில் மிகப் பலர் போகும் ஒரு தளத்தில். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே நேர வலயம், ஒரே மொழி. கூட்டத்தில் ஒளிவதற்கு முதலில் கூட்டம் நம்மைப் போல இருக்க வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கூட்டம் எங்கே? உலாவியின் மொழிப் பட்டியலில் தமிழை முதலில் வைத்திருக்கும் ஒருவர் சென்னையில் இருந்தால் அவர் கூட்டத்தில் ஒருவர். அதே பட்டியலோடு ஒஸ்லோ நேர வலயத்தில், மூன்றாவது மொழியாக நோர்வேஜியத்தோடு இருக்கிறவர் ஏறத்தாழத் தனி ஆள். புலம்பெயர்ந்தோரின் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் அது ஒரு சுயசரிதை. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு இருந்தது. பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள் பலர் இன்றும் அதை விடவில்லை. சுவிட்சர்லாந்தில் ஒரு கணினியில் பாமினி இருக்கிறது என்றால், அந்தக் கணினியின் சொந்தக்காரர் எந்தத் தலைமுறை, எந்த நிலத்திலிருந்து வந்தவர், எந்த ஆண்டுகளில் வந்திருப்பார் என்று நம்மில் யாரும் ஊகிக்கலாம். பெயர் தெரியாது. வேலில் வேம்பு தெரிகிறது.

நெடுநல்வாடையிலேயே இதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது. நச்சினார்க்கினியர் அரசனைக் கண்டுபிடித்தது வேம்பினால். கட்டிலில் கிடந்தவளை, அரசனின் மனைவி என்பதற்கு மேல், அவளைக்கொண்டே கண்டுபிடிக்க வழியில்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது அரசனைப் பற்றித் தெரிந்ததைவிட அதிகம். முத்தாரம் இல்லை, பொன்வளை கழற்றிச் சங்குவளை அணிந்திருக்கிறாள், விதானத்தில் எழுதிய உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இத்தனை விவரமும் பிரிந்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் என்பதால் அவள் மறைந்தே இருக்கிறாள். எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, தெரிவது எத்தனை பேருக்குப் பொதுவானது என்பதுதான் மறைவைத் தீர்மானிக்கிறது.

தமிழ் ஓர் அடையாளமாகப் படிக்கப்படுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெரும்பாலான நாட்களில், தங்க நகையும் பணம் அனுப்பும் சேவையும் விளம்பரமாக வரும், அவ்வளவுதான். ஆனால் நம் சமூகத்தில் பலருக்கு, கருவியில் இருக்கும் மொழி வெறும் விளம்பர விஷயமாக இருந்ததில்லை. நான் வாழும் ஜெர்மனியில், 2017 முதல் அடையாள ஆவணம் இல்லாத புகலிடக் கோரிக்கையாளர்களின் கைபேசிகளை அரசு அலுவலகம் வாங்கி மென்பொருளால் படித்தது. எந்த நாட்டு எண்களுக்கு அழைப்புகள் போயின, செய்திகள் எந்த மொழியில் எழுதப்பட்டன என்பது அந்த மென்பொருள் தரும் அறிக்கையில் வரும். ஒரு மனிதர் தான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்வதை அவர் கைபேசியின் மொழியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், வேறு எளிய வழிகளைப் பார்க்காமல் பதிவுசெய்யும் நேரத்திலேயே இப்படிச் செய்வது சட்டவிரோதம் என்று லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தது. அது உலாவியின் கதையல்ல, உண்மை. ஆனால் மொழியைச் சான்றாக வாசிக்கும் கண் அதே கண்தான். குடியேற்ற வழக்கறிஞரைத் தேடுகிறவர், காணாமல் ஆக்கப்பட்ட தம்பியைப் பற்றிப் படிக்கிறவர், சாதி மாறிக் காதலிக்கிறவர், ஊரில் இன்னும் தாயும் தந்தையும் இருக்க இங்கிருந்து அரசியல் வாசிக்கிறவர் ஆகியோருக்குத் தனித்துத் தெரிவது ஒரு விலை.

இந்த வகைமையில் எனக்குப் பிடித்த உரை டோர் உலாவியில் இருக்கிறது. டோரின் நோக்கம் பயனர் எல்லோரையும் ஒரே மாதிரி தெரியச் செய்வது. சாளரத்தின் அளவைச் சில பொது அளவுகளுக்குள் அடைக்கிறது, நேர வலயத்தை உலகப் பொது நேரமாகச் சொல்கிறது, எழுத்துருப் பட்டியலை எல்லோருக்கும் ஒன்றுபோல ஆக்க நோட்டோ எழுத்துருக்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. அதில் தமிழ்ப் பக்கம் ஒழுங்காகவே தெரியும். உங்கள் கணினியில் நீங்கள் தனியாக நிறுவிய பாமினி வெளியே தெரியாது. எல்லா வீரர்களின் வேலிலும் வேம்பு கட்டிவிட்டால் எது பாண்டியன் வேல் என்று நச்சினார்க்கினியருக்கும் தெரியாது. இதுவே தந்திரம். ஆங்கிலம் அல்லாத மொழியில் அதைப் பயன்படுத்துகிறவரிடம் அது ஒரு கேள்வி கேட்கிறது: அந்தரங்கத்தைக் கூட்டுவதற்காக, தளங்களிடம் ஆங்கிலப் பக்கங்களையே கேட்கட்டுமா? மேலே பார்த்த எந்த உரையும் தொடாத இடத்தை இந்த ஒரு வரி தொட்டுவிடுகிறது. உங்கள் மொழி உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. முடிவை உங்களிடம் விடுகிறது. பொத்தானில் நிறவேறுபாடு காட்டி ஏமாற்றுவதில்லை.

நேர்மையான கேள்வி என்பதால் அது இனிமையான கேள்வி ஆகிவிடாது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அவர் மொழியே கூட்டத்தின் மொழி. மறைய விரும்பும் தமிழர் முதலில் தமிழை மறைக்க வேண்டும். இதன் பின்விளைவு ஒன்றைக் குறைவாகவே பேசுகிறார்கள். ஒரு தளத்தை நடத்துகிறவர் எத்தனை பேருக்குத் தமிழ்ப் பதிப்பு வேண்டும் என்பதை அறியும் வழிகளில் ஒன்று, வருகிற உலாவிகள் அனுப்பும் அந்த மொழிப் பட்டியல். மொழிபெயர்ப்புக்குச் செலவிடலாமா என்று வாடிக்கையாளர்கள் யோசிக்கும்போது முதலில் கேட்கும் எண் அதுதான். நாம் எல்லோரும் பாதுகாப்புக் கருதி ஆங்கிலத்தை முதலில் வைத்தால், தமிழைக் கேட்பவர் யாரும் இல்லை என்ற கணக்கு உண்மையாகிவிடும். கணினியில் தமிழைக் கொண்டுவருவதற்காக ஒரு தலைமுறை தங்கள் சனி ஞாயிறுகளைச் செலவிட்டது, அதில் பாதிப்பேர் புலம்பெயர்ந்தவர்கள். அவர்கள் உழைப்பின் பயனை நாமே கணக்கிலிருந்து அழிக்கும்படி ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு தொழில்நுட்பத் தீர்வு இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. உலாவி மொழிப் பட்டியல் முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை, ஒரு மொழியைச் சொன்னால் போதும். நம் எழுத்துருக்களைத் தளத்துக்குக் காட்ட வேண்டியதே இல்லை. சஃபாரி இதைச் செய்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் பெருமளவு செய்திருக்கிறது. தமிழ்த் தளம் நடத்தும் நண்பர்கள் தங்கள் பக்கங்களிலிருந்து வெளி நிறுவனங்களின் கணக்கெடுப்பு நிரல்களை எடுத்துவிட்டாலே பாதிச் சுமை குறையும். காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டு, அதை யார் படிக்கிறார்கள் என்ற விவரத்தை விளம்பரச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இலக்கியத் தளங்கள் இருக்கின்றன. ஆசிரியர்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம்; வார்ப்புருவோடு வந்திருக்கும். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எழுத்தாளர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. அதற்குத் தன் சொந்த வழங்கியில் ஓர் எளிய எண்ணி போதும்.

என் ஏற்பாட்டைக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றாட வாசிப்புக்கு ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின், மொழிப் பட்டியலில் தமிழ் முதலாவதாக. மருத்துவம், வழக்கு, குடியுரிமை பற்றி வீட்டில் யாருக்காவது தேட வேண்டியிருந்தால் டோர். அதன் கேள்விக்கு ஆம் என்று பதில். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் எந்த ஊரையும் சேராத ஆங்கிலம் படிக்கும் ஆள். மறைநிலைச் சாளரத்தைப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு தேடும்போது திறக்கிறேன். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்கிறது.